ஸ்கூட்டியில் கை விறைத்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணம் தேடும் முறை

யாழ்ப்பாணத்தில் கை விறைக்கிற குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், மார்கழி மாதத்தில் தூறல் விழுந்துகொண்டிருக்கும் ஒரு விடியற்காலையில் பண்ணைப் பாலத்தைத் தாண்டி அல்லைப்பிட்டி வரை ஸ்கூட்டியில் போய்ப் பார்க்க வேண்டும். வெப்பமானி 22 அல்லது 23 பாகை செல்சியஸைக் காட்டும் நாளிலேயே, ஈரமும் வாடைக்காற்றும் சேர்ந்துவிட்டால், விரல் பிறேக்கைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது தெரியாமற் போகிறது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலை ஒட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், நனைந்த உடம்பின் மேல் வீசும் காற்று என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நகரிலிருந்து தீவகத்துப் பாடசாலை ஒன்றுக்குப் பல மாரிகளாக ஸ்கூட்டியில் போய்வருகிறேன். அதே பாதையில் வரும் ஆசிரியர்கள் கார்த்திகை பிறந்ததும் புதிய கையுறை வாங்குகிறார்கள், தையில் அதையும் குறை சொல்லிக்கொண்டு வேறொன்று வாங்குகிறார்கள். நான் பார்த்த அளவில், கை விறைப்பதற்கான காரணம் பெரும்பாலும் கையுறைக்கு வெளியே, அதாவது நெஞ்சிலோ மணிக்கட்டிலோ பிறேக் கேபிளிலோ இருக்கிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னர், உங்கள் கையில் தெரியும் அறிகுறி எது என்பதைக் கீழே தேடி, அங்கிருந்து செலவில்லாத காரணத்தில் தொடங்குங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரு சோதனை பொதுவானது. பெருவிரலின் நுனியால் அதே கையின் சின்னவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால், அல்லது தொட்டது தெரியவில்லை என்றால், அந்த இடத்திலேயே ஸ்கூட்டியை ஓரங்கட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளில் பின் பிறேக்காவது காலில் இருக்கிறது. ஸ்கூட்டியில் இரண்டு பிறேக்கும் கையில்தான் இருக்கின்றன என்பதால், கை விறைத்த ஸ்கூட்டி பிறேக் இல்லாத ஸ்கூட்டிதான்.

அறிகுறி 1: மழை இல்லை, கையும் காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் விரல் நுனிகள் குளிர்ந்து விறைக்கின்றன

முதலில் கையை விட்டுவிட்டு நெஞ்சையும் கழுத்தையும் பாருங்கள். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் உடம்பு கைகால்களுக்கு அனுப்பும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், அதன் பிறகு எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் உள்ளே சூடு வந்து சேராது. மேற்சட்டைக்கு மேலே காற்றுப் புகாத ஒன்றை அணிந்து, கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றி, அதன் நுனிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள். காற்றுப் புகாத ஒன்று என்று நான் சொல்வது பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே கிடக்கும் மழைக்கோட்டைத்தான். மழை இல்லாத நாளில் மழைக்கோட்டா என்று வெட்கப்பட வேண்டியதில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வெறும் தேத்தண்ணீரோடு புறப்படுபவர்களுக்கும் இந்த விறைப்பு விரைவில் வருகிறது.

நெஞ்சு சூடாக இருந்தும் விரல் விறைக்கிறது என்றால், அடுத்து நீங்கள் ஹாண்டிலைப் பிடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். பயந்தோ பழக்கத்தாலோ கிறிப்பை இறுக்கி நெரித்துப் பிடிப்பவர்களின் விரல்களுக்குள் இரத்தம் சரியாக ஓடாது. கைக்கடிகாரத்தின் வார், இறுகிய மோதிரம், நுனியில் இறுக்கமான இலாஸ்ரிக் வைத்த கையுறை ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. கையுறைக்குள் விரல்களை அசைக்க இடம் இல்லை என்றால் அது தடித்ததாக இருந்தாலும் குளிரும், ஏனெனில் சூட்டைப் பிடித்து வைப்பது துணிக்கு இடையில் நிற்கும் காற்றுத்தான்.

இவையும் சரி என்றால் இப்போதுதான் கையுறையைச் சோதிக்க வேண்டும், அதற்கு ஒரு சதமும் தேவையில்லை. கையுறையின் வாயை உங்கள் வாயில் வைத்துப் பலமாக ஊதுங்கள், மற்றக் கையை விரல்களின் முன்புறத்தில் பிடியுங்கள். ஊதிய மூச்சு மற்றக் கையில் படுகிறது என்றால், மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் காற்றும் அதே வழியால் உள்ளே வரும். கம்பளிக் கையுறைகளும், வெயிலில் கை கறுக்காமல் இருப்பதற்காகப் பெண்கள் அணியும் நீண்ட துணிக் கையுறைகளும் இந்தச் சோதனையில் உடனே தோற்றுவிடும். அவற்றை வீசவும் வேண்டாம். மருந்துக்கடையில் விற்கும் மெல்லிய றபர் கையுறையை உள்ளே போட்டு, அதன் மேலே கம்பளிக் கையுறையைப் போட்டால் காற்று தோலைத் தொடாது. அரைமணி நேரத்துக்கு மேல் ஓடினால் உள்ளே வியர்க்கும் என்பதுதான் இதன் குறை. பொலித்தீன் பையைக் கையுறைக்கு மேலே கட்டிக்கொண்டு போகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கிறிப்பின் மேல் பொலித்தீன் வழுக்கும், அக்சிலேற்றர் கையைவிட்டு நழுவும், ஆதலால் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடுத்த படி காற்றையே கைக்கு வராமல் தடுப்பது. ஐந்து லீற்றர் எண்ணெய்க் கானை நெடுக்காக வெட்டி, கண்ணாடித் தண்டில் கட்டி, கைக்கு முன்னால் மறைப்பாக வைத்திருக்கும் ஸ்கூட்டிகள் உண்டு, பார்வைக்கு அழகில்லை, ஆனால் வேலை செய்யும். நானும் ஒரு மாரிக்கு அப்படிக் கட்டினேன். முதல் நாள் சந்தியில் வலப்பக்கம் திரும்பியபோது கானின் வெட்டிய விளிம்பு முன் பிறேக் பிடியில் முட்டி, பிடி பாதியிலேயே நின்றுவிட்டது. அன்று முதல், எதைக் கட்டினாலும் ஸ்கூட்டியை நிறுத்திவைத்து ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு பிறேக்கையும் அடிவரை அமுக்கி, அக்சிலேற்றரைத் திருகிவிட்டால் அது தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்த பின்னரே றோட்டில் ஏறுகிறேன்.

செலவு கூடியது கடைசியில் வருகிறது. மின்சாரத்தால் சூடாகும் கிறிப்புகளை இணையத்தில் வரவழைக்கலாம், ஆனால் இரண்டும் சேர்ந்து 30 முதல் 40 வாற் வரை இழுப்பவை பல. 12 வோல்ற்றில் 36 வாற் என்றால் 3 அம்பியர். சிறிய ஸ்கூட்டிகளின் பற்றரி பெரும்பாலும் 3 முதல் 5 அம்பியர் மணி வரைதான் என்பதால், எஞ்சின் கொடுக்கும் மின்னுக்கு மேலே இது இழுத்தால் பாடசாலை விடும் நேரத்தில் செல்ஃப் ஸ்ரார்ட் வேலை செய்யாது. பூட்டுவதற்கு முன் பற்றரியை அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ற்றுக்குள் இல்லை என்றால் கிறிப் வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அளவு சரியாக இருந்தாலும், தனி ஃபியூஸ் போட்டு, சாவியை நிறுத்தினால் மின் நிற்கும்படி ஒரு வாகன மின்வேலைக்காரர்தான் பூட்ட வேண்டும். சொந்தமாக வயரை முறுக்கி ஒட்டும் இடம் இது அல்ல. எங்கள் ஊர்க் குளிருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். தைமாதத்து இரவில் வெப்பநிலை 10 பாகையையும் விடக் குறையக்கூடிய நுவரெலியாவில் வேலை கிடைத்துப் போயிருப்பவர்களுக்கு அது வேறு கணக்கு.

அறிகுறி 2: கையுறை நனைந்துவிடுகிறது, அதன் பின்னர் கை குளிர்கிறது

மாரியில் வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி இதுதான். எங்கிருந்து நனைகிறது என்பதை அறியாமல் எதையும் மாற்றக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் கையுறையைக் கழற்றும்போது கவனியுங்கள். மணிக்கட்டுப் பக்கம் நனைந்து விரல் நுனி காய்ந்திருக்கிறதா, அல்லது விரல் நுனி நனைந்து மணிக்கட்டு காய்ந்திருக்கிறதா?

மணிக்கட்டுப் பக்கம் நனைந்திருந்தால் கையுறையில் குற்றம் இல்லை. ஸ்கூட்டியில் இருக்கும்போது முழங்கையிலிருந்து கை சற்றுக் கீழ்நோக்கி இறங்குகிறது, அதனால் மழைக்கோட்டின் கையில் விழும் தண்ணீர் எல்லாம் வழிந்து மணிக்கட்டுக்கு வருகிறது. கையுறையின் வாய் கோட்டின் கைக்கு வெளியே இருந்தால், அது பீலியின் கீழ் வைத்த வாளியைப் போல அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும். கையுறையை முதலில் போட்டு, அதன் மேலே கோட்டின் கையை இழுத்துவிடுங்கள். கோட்டின் கை குட்டையாக இருந்து, ஹாண்டிலைப் பிடித்ததும் மேலே ஏறிவிடுகிறது என்றால், அடுத்த முறை ஒரு அளவு பெரிய கோட்டு வாங்க வேண்டும். அதுவரைக்கும் பழைய காலுறை ஒன்றின் பாதத்தை வெட்டிவிட்டு, மிகுதிக் குழாயை மணிக்கட்டில் போட்டு, கையுறையும் கோட்டும் சேரும் இடத்தை மூடலாம். அது நனையும், ஆனால் காற்றைத் தடுக்கும்.

விரல் நுனி நனைந்திருந்தால் கையுறையின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. கையுறைக்குள் ஒவ்வொரு விரலிலும் சிறிது கடதாசியைச் சுருட்டி வைத்து, வாயை மேலே பிடித்தபடி வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் அமுக்கிப் பிடித்தால், எந்த விரலின் கடதாசி நனைகிறதோ அந்தத் தையல்தான் கசிகிறது. ஒரு விரல் மட்டும் என்றால் சைக்கிள் ரியூப் ஒட்டும் பசையை உட்புறத் தையலில் மெல்லியதாகப் பூசி ஒரு நாள் காயவிடலாம். எல்லா விரலும் நனைந்தால் ஒட்டிக்கொண்டிருக்காமல் பாத்திரம் கழுவும் றபர் கையுறையில் பெரிய அளவு ஒன்றை வாங்கி, உள்ளே பருத்திக் கையுறையோடு அணிந்து பாருங்கள். பாடசாலை வாசலில் மாணவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் அவர்களுடைய தகப்பன்மாரும் அதையே போட்டுக்கொண்டு வருவார்கள்.

நனைந்தே தீரும் என்ற நாளுக்கு ஒரு வழி இருக்கிறது. இருக்கைக்குக் கீழேயுள்ள பெட்டி எஞ்சினுக்கு நேர் மேலே இருக்கிறது. அதில் வைத்த ஐஸ்கிறீம் வீடு வந்து சேர்வதற்குள் உருகுகிறதே, அந்தச் சூட்டை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தலாம். இரண்டாவது சோடிக் கையுறையை வாயை இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பையில் போட்டு அந்தப் பெட்டிக்குள் வையுங்கள். நான் வேலணை வங்களாவடிச் சந்தியில் ஒரு கடைத் தாழ்வாரத்தின் கீழ் நிறுத்தி, நனைந்ததைக் கழற்றி, கையைத் துவாயால் முழுதாகத் துடைத்துவிட்டு, அந்தச் சோடியைப் போடுவேன். துடைக்காமல் போட்டால் பயன் பாதிதான். நனைந்த சோடியை வீட்டில் அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள், றபர் உருகும், தோல் வெடிக்கும். பழைய பத்திரிகையைக் கசக்கி விரல்களுக்குள் திணித்து, படுக்கப் போகும்போது ஒருமுறை புதுக் கடதாசி மாற்றினால் விடிவதற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

அறிகுறி 3: திரும்பி வரும்போது மட்டும் குளிர்கிறது, அல்லது ஒரு கை மட்டும் குளிர்கிறது

ஒரு ஆசிரியை என்னிடம், "சேர், காலமை போகேக்க ஒண்டும் இல்லை, பின்னேரம் வரேக்கதான் இடக்கை செத்துப்போகுது" என்றார். அவருடைய இடக்கையில் ஒரு குறையும் இல்லை. மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. பண்ணையால் மேற்கே போகும்போது அது வலப்பக்கப் பின்புறத்திலிருந்து வீசும், திரும்பும்போது இடப்பக்க முன்புறத்திலிருந்து வந்து இடக்கையில் மோதும். காற்றின் வேகமும் ஸ்கூட்டியின் வேகமும் அப்போது சேர்ந்துவிடுகின்றன. செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான். செம்மணி வெளியிலும் வல்லை வெளியிலும் ஆனையிறவிலும் இதே கதைதான். அங்கங்கே காற்று எந்தக் கையில் முதலில் படுகிறது என்பதை ஒருமுறை கவனித்துக்கொண்டால் அந்தக் கைக்கு மட்டும் மேலதிகமாக ஒரு உள்ளுறை போதும்.

எந்தத் திசையில் போனாலும் வலக்கைதான் குளிர்கிறது என்றால், அது அக்சிலேற்றரை விடமுடியாமல் ஒரே நிலையில் இருக்கும் கை. இடக்கையை அவ்வப்போது தளர்த்தி விரல்களை மடக்கி நீட்டுகிறோம், வலக்கைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பாதி வழியில் இரண்டு நிமிடம் நிறுத்தி, கையைத் தோளிலிருந்து வட்டமாகச் சுழற்றுங்கள். ஸ்கூட்டியில் ஏறாத நாளிலும், வீட்டுக்குள் இருக்கும்போதும் அதே கை மற்றக் கையைவிடக் குளிர்ந்திருக்கிறது என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அறிகுறி 4: பிறேக் பிடிக்க விரலில் பலம் இல்லை

இதில் கையின் குற்றமும் வண்டியின் குற்றமும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய, வெயில் ஏறிய ஒரு மத்தியானத்தில், கை சூடாக இருக்கும்போது, ஸ்கூட்டியை நிறுத்திவைத்து இரண்டு விரல்களால் மட்டும் ஒவ்வொரு பிறேக்கையும் அமுக்குங்கள். அப்போதும் கடினமாக இருந்தால், அல்லது விட்டதும் பிடி சோம்பலாகத் திரும்பினால், குற்றம் கேபிளில் இருக்கிறது. பின் சில்லுக்குப் போகும் கேபிள் நீளமானது. மாரித் தண்ணீரும் தீவகத்து உப்புக்காற்றும் அதற்குள் புகுந்து துருப்பிடிக்க வைக்கின்றன. பிடி சுழலும் ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கலாம், ஆனால் சில்லுப் பக்கத்தில் எதையும் பூசக்கூடாது, எண்ணெய் பிறேக் கட்டையில் பட்டால் பிறேக்கே பிடிக்காது. அதற்கு மேலே கராஜுக்குக் கொண்டுபோய்க் கேபிளை மாற்றுவதுதான் வழி. கேபிளின் விலை நல்ல கையுறை ஒன்றின் விலையை விடக் குறைவாகவே இருக்கும்.

மத்தியானத்தில் இலகுவாக இருந்து விடியலில் மட்டும் முடியவில்லை என்றால் அது குளிரில் விறைத்த கை. நிறுத்துங்கள், நனைந்ததைக் கழற்றுங்கள், கைகளைச் சட்டைக்குள் விட்டுக் கக்கத்தில் வைத்து, பெருவிரல் சின்னவிரலைத் தொடும் வரைக்கும் காத்திருங்கள். சைலன்சருக்குக் கிட்டக் கையை நீட்டிச் சூடாக்க முயல வேண்டாம், உணர்ச்சி இல்லாத கைக்கு அது சுடுவது தெரியாது. சுடுதண்ணீரும் அப்படித்தான். நீரிழிவு உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். உடம்பு முழுவதும் நடுங்கி, பேச்சும் தடுமாறினால், அன்று ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டோவில் போக வேண்டும்.

அறிகுறி 5: விரல்கள் வெள்ளைவெளேர் என்று மாறுகின்றன

விரல் ஒன்றோ இரண்டோ கோடு கிழித்தாற்போல் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடேறியதும் சிவந்து குத்தினால், குளிருக்கு இரத்தக் குழாய்கள் மிகையாகச் சுருங்குகின்றன என்று பொருள். இதனை றேனோ என்று வைத்தியர்கள் சொல்வார்கள். புகைப்பவர்களுக்கு இது கூடும். புரொப்பிரனலோல், அற்றனலோல் போன்ற மருந்துகளாலும் கூடலாம், ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் அதை எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். கைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது, ஏனெனில் கிளினிக்குக்குப் போய்ச் சேரும் நேரத்தில் விரல் வழக்கமான நிறத்துக்குத் திரும்பியிருக்கும். முப்பது வயதுக்குப் பின்னர் புதிதாகத் தொடங்கினாலும், ஒரு கையில் மட்டும் வந்தாலும், விரல் நுனியில் புண் தோன்றினாலும் தாமதிக்கக் கூடாது.

அறிகுறி 6: குளிரே இல்லை, ஆனாலும் விரல் மரத்துப்போகிறது

எந்த விரல் என்பதைப் பாருங்கள். சின்னவிரலும் மோதிரவிரலும் என்றால், உள்ளங்கையின் வெளிவிளிம்பை ஹாண்டிலில் ஊன்றி உடம்பின் பாரத்தை அதில் இறக்குகிறீர்கள். இருக்கையில் சற்று முன்னால் நகர்ந்து முழங்கையை மடித்து ஓட்டினால் சில நாட்களிலேயே குறைய வேண்டும். எல்லா விரலும் சேர்ந்து விறுவிறுக்கிறது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கூடுகிறது என்றால் அது அதிர்வு. ரயர் காற்றை அளந்து, தேய்ந்து வழுவழுப்பான கிறிப்பை மாற்றி, ஹாண்டில் நுனியில் இருக்கும் பாரக்கட்டிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை விழுந்து எழும்பிய ஸ்கூட்டிகளில் ஒரு பக்கத்துக் கட்டி காணாமற் போயிருக்கும். அதன் பின்னரும் குறையாவிட்டால் சில்லு நெளிவையும் எஞ்சின் தாங்கும் றபர்களையும் கராஜில் பார்க்கச் சொல்லுங்கள்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்து, நடுச்சாமத்தில் கையை உதறிக்கொண்டு எழும்புகிறீர்கள் என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது காரணமாக இருக்கலாம், அதற்கு ஸ்கூட்டியில் மாற்ற ஒன்றும் இல்லை. இரண்டு கைகளோடு பாதங்களும் மரத்தால் இரத்தச் சீனியைச் சோதியுங்கள். சில வாரங்களில் மாறாத மரப்பையும், கையிலிருந்து பொருள்கள் நழுவி விழுவதையும் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள்.

திடீரென்று ஒரு பக்கக் கை செயலிழந்து, முகமும் அதே பக்கம் கோணினால், இந்த வழிமுறையைப் புரட்டிக்கொண்டிருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள், ஸ்கூட்டியின் சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள்.